எனக்கு வேண்டும்: முத்துக்குளித்துறையில் ஒரு வினைச்சொல்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவரைத் திணறடிப்பவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள் அல்ல. மரம், படகு, முத்து, உப்பு ஆகியவற்றைக் கைநீட்டிக் காட்டிக் கேட்டுவிடலாம். வினைச்சொற்களைக் காட்ட இயலாது. அதிலும் எல்லோரும் நாள்தோறும் புழங்கும் எளிய வினைகளே மிகவும் ஏமாற்றுபவை. ஆங்கிலத்தின் ‘பிலீவ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஐ பிலீவ் யூ’ என்றால் நீ சொல்வது மெய்யென ஏற்கிறேன் என்று பொருள். இடையில் ‘இன்’ என்ற சிறு சொல்லைச் செருகி ‘ஐ பிலீவ் இன் யூ’ என்றால் உன் திறத்தின்மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றாகிவிடும். ‘அவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று பிலீவ் பண்ணுகிறேன்’ என ஒருவர் சொன்னால் அங்கே நம்பிக்கை ஏதுமில்லை. ‘நினைக்கிறேன், உறுதியாகத் தெரியாது’ என்பதே அதன் பொருள். ஒரே சொல் ஓரிடத்தில் உயிரைப் பணயம் வைக்கும் உறுதியையும் இன்னோரிடத்தில் வெறும் ஊகத்தையும் குறிக்கிறது.

பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்கள் இத்தகைய வேறுபாடுகளை ஒரு பயிற்சிக்கான வினாக்களாகச் சுருக்கிவிடுகின்றன. ஆனால் இதே வினையின் வேறுபாடு, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடிக் கடற்கரையில் பல்லாயிரம் மனிதர்களின் வாயில் ஏறி நின்றது. அதை மொழிபெயர்த்தவர்களும் அதைச் சொன்னவர்களும் திருத்தியவரும் அடங்கிய அந்தக் கதை, தமிழ் அச்சின் வரலாற்றுக்கும் ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணத்துக்கும் முன்கதை எனலாம்.

வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழு ஊர்களையும் சேர்த்து முத்துக்குளித்துறை என்று வழங்குவர். இக்கரையில் சங்கு குளித்தும் முத்துக் குளித்தும் வாழ்ந்த பரதவர், 1530களில் கடும் நெருக்கடிக்கு ஆளாயினர். குளிப்பு உரிமை தொடர்பாக முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட பூசல் ஒருபுறம். நிலத்தை ஆண்ட சிற்றரசர்களின் வரி ஒருபுறம். கள்ளிக்கோட்டையைச் சேர்ந்த ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகரின் ஆலோசனைப்படி, பரதவரின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினர். அதற்கு ஈடாக ஞானஸ்நானம் பெற இசைந்தனர். 1536, 1537 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன, முத்துக்குளிப்பு மீண்டது. ஆனால் பெயர் மாறிய அம்மக்களுக்கு, தாங்கள் ஏற்றுக்கொண்டது இன்னதென்று அவர்கள் மொழியில் எடுத்துரைக்க ஆளில்லை.

இந்நிலையில்தான் 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து சேர்ந்தார். தம் தாய்மொழி பாஸ்கு என்றும், இம்மக்களின் மொழி மலபார் என்றும், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். மலபார் என்று அக்காலப் போர்த்துகீசியர் குறித்தது இங்கே தமிழைத்தான். கோவாவிலிருந்து வந்த தமிழறிந்த மாணவர் சிலரும், ஓரளவு போர்த்துகீசியம் அறிந்த உள்ளூரார் சிலரும் அவருக்குத் துணை. அவர்களைக் கூட்டிவைத்துப் பல நாள் உழைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் திரட்டி, சொல்லிக்கொடுத்தார்.

1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் இதனை விவரிக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி முடித்ததும், இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா என்று கேட்பாராம். மக்கள் அனைவரும் கைகளை மார்பின்மீது குறுக்காகக் கட்டிக்கொண்டு, உரத்த குரலில் ஆமென்று சொல்வார்களாம்.

இக்காட்சியைப் படிக்கும்போது ஒரு தமிழ் வாசகருக்கு எழ வேண்டிய கேள்வி, அங்கே உண்மையில் ஒலித்த வினைச்சொல் எது என்பதுதான்.

அதற்கான விடை சவேரியாரின் இன்னொரு கடிதத்தில் கிடைக்கிறது. 1544, 1545 ஆண்டுகளில் தம் தோழர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு அவர் இக்கரையின் ஊர்களிலிருந்து தொடர்ந்து எழுதிவந்தார். அவை பெரும்பாலும் சிறு கடிதங்கள். அன்றாட அலுவல்கள், அதிகாரிகளின் அட்டூழியங்கள், நோயாளிகள், குழந்தைகளின் ஞானஸ்நானம் பற்றியவை. அவற்றினூடே ஒரு மொழித்திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவந்த இடத்தில், இனி ‘விசுவாசம்’ என்ற சொல்லை அமைத்துச் சொல்லும்படி பணிக்கிறார். காரணத்தையும் தருகிறார். முன்னதன் பொருள் விரும்புகிறேன் என்பது; பின்னதன் பொருள் நம்புகிறேன் என்பது. ‘கடவுளை விரும்புகிறேன்’ என்பதைவிட ‘கடவுளை நம்புகிறேன்’ என்பதே பொருத்தம் என்கிறார்.

ஆக, இக்கரையின் மக்கள் இரண்டாண்டுக் காலம் போல, மார்பில் கைகட்டி நின்று அறிக்கையிட்டது ‘எனக்குக் கடவுள் வேண்டும்’ என்பதே. இத்துடன் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைக் கூறும் இடத்தில் இடம்பெற்றிருந்த ஒரு சொல்லை நீக்கச் சொல்கிறார். போர்த்துகீசிய எழுத்துகளில் உருச்சிதைந்து காணப்படும் அச்சொல்லை ‘வன்பினாலே’ எனப் படிக்கலாம். அச்சொல் வலுக்கட்டாயத்தைக் குறிக்கும், ஆனால் கிறிஸ்து பாடுபட்டது தம் விருப்பத்தினால் என்று விளக்குகிறார். இரண்டு திருத்தங்களும் ஒரே முடிச்சைச் சுற்றியவை: விருப்பம் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது? மக்களின் வாக்கிலிருந்து விருப்பத்தை எடுத்துவிட்டு, மீட்பரின் செயலில் விருப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

இந்தப் பிழை எவ்வாறு நேர்ந்திருக்கும்? மொழிபெயர்ப்பாளர்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் போர்த்துகீசியம் கற்ற இடம் எதுவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். அது முத்துச் சந்தை, துறைமுகம், கப்பல் தளம். அங்கே ஒரு துபாஷிக்கு முதலில் தேவைப்படும் வினைகள் வேண்டும், வேண்டாம், கொடு, எடு, வா, போ என்பவையே. ‘கடவுளில் நம்பிக்கை கொள்கிறேன்’ என்பதைச் சந்தை மொழியில் எவரும் சொல்வதில்லை. வந்திருக்கும் பாதிரியார் கடவுளைப் பற்றி ஏதோ ஒன்றை மக்கள் ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார். கடவுளோடு ஒரு மனிதன் கொள்ளும் உறவைச் சொல்லத் தம்மிடமிருந்த சொற்களில் மிக அணுக்கமானதை அவர்கள் எடுத்துத் தந்திருக்கிறார்கள். இது என் ஊகம்தான். எனினும், அவர்கள் எடுத்துத் தந்தது எத்தகைய சொல் என்று பார்த்தால் இந்த ஊகம் வலுப்பெறும்.

‘வேண்டும்’ தமிழின் மிக விந்தையான வினைகளுள் ஒன்று. ‘எனக்குச் சோறு வேண்டும்’ என்றால் விருப்பம் அல்லது தேவை. ‘நான் போக வேண்டும்’ என்றால் கடமை. ‘மழை பெய்ய வேண்டும்’ என்றால் ஏக்கம். வானம் இருண்டிருக்கும் வேளையில் ‘இந்நேரம் அங்கே மழை பெய்திருக்க வேண்டும்’ என்றால் ஊகம். ‘தெய்வத்தை வேண்டினான்’ என்றால் இறைஞ்சுதல். எதிர்மறையில் சிக்கல் இன்னும் கூடும். ‘எனக்கு வேண்டாம்’ என்பது மறுப்பு. ‘நீ போக வேண்டாம்’ என்பது தடை. ‘நீ போக வேண்டியதில்லை’ என்பதோ கட்டாயத்திலிருந்து விடுதலை. ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நாட்’, ‘நீட் நாட்’ என்று இரு வேறு துணைவினைகள் செய்யும் வேலையை இங்கே ஒரே வேர் செய்கிறது. இவை போக, வேண்டியவர் என்றால் நண்பர், வேண்டாதவர் என்றால் பகைவர், வேண்டுமென்றே என்றால் அறிந்தே செய்வது. திருக்குறளின் முதல் அதிகாரம் இறைவனை வேண்டுதலும் வேண்டாமையும் அற்றவனாகக் காட்டுகிறது. மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடையேயான எல்லையே இந்த ஒரு வினையால் வகுக்கப்படுகிறது எனலாம்.

வாக்கிய அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. விசுவசிக்கிறேன் என்பதில் செயலைச் செய்பவன் யார் என்பது ‘ஏன்’ என்ற விகுதியிலேயே வெளிப்படுகிறது. இலத்தீனின் ‘கிரேதோ’ என்ற சொல்லும் அப்படித்தான். நான் என்று தனியே சொல்லத் தேவையின்றி, தன்மை ஒருமை வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘எனக்கு வேண்டும்’ என்பதிலோ ‘நான்’ என்ற எழுவாய் இல்லை. ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் அவன் ஓரமாக நிற்கிறான். பசி, தூக்கம், காய்ச்சல் வருவதைப் போலத் தேவையும் அவனுக்கு நேர்கிறது. வேண்டும் என்ற முற்றுக்கு ஐம்பால் மூவிட வேறுபாடும் இல்லை. ஆகவே சவேரியாரின் திருத்தத்தில் மாறியது ஒரு சொல் மட்டுமன்று. தேவை நேர்ந்த ஒருவனின் வாக்கியம், உறுதி பூண்ட ஒருவனின் வாக்கியமாக மாறியது.

அந்த மாற்றத்தை மேற்கத்திய இறையியல் கட்டாயம் கோரியிருக்கும். அகுஸ்தீன் முதல் இடைக்கால அறிஞர்கள் வரை, நம்புதல் என்ற வினையை மூன்றாகப் பகுத்தனர். கடவுள் இருக்கிறார் என்று நம்புவது, கடவுள் சொல்வதை நம்புவது, கடவுளிடம் தன்னை ஒப்படைத்து நம்புவது. இலத்தீனில் வேற்றுமை உருபையும் முன்னிடைச் சொல்லையும் மாற்றினால் இம்மூன்றும் கிடைக்கும். விசுவாசப் பிரமாணத்தில் உள்ளது மூன்றாவது; ஆங்கிலத்தின் ‘பிலீவ் இன்’ என்பதும் இதன் வழிவந்ததே. தமிழில் இவ்வேறுபாட்டை ‘கடவுள் இருப்பதாக நம்புகிறேன்’, ‘கடவுள் சொல்வதை நம்புகிறேன்’, ‘கடவுளை நம்புகிறேன்’ என்று சொல்லிவிட முடிகிறது. மூன்றாவதில், இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ உருபு ஒன்றே முழுச் சரணாகதியைச் சுமக்கிறது. தமிழில் ஒருவர் மற்றொருவரிடம் ‘உன்னை நம்பித்தான் வந்தேன்’ என்று சொல்லும்போது தொனிப்பதும் அதுவே.

திருத்தத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘விசுவாசம்’ வடசொல். நம்பகத்தையும் பற்றுறுதியையும் குறிப்பது. தலைவனுக்குப் பணியாள் காட்டுவது, நாய் காட்டுவது. இச்சொல் கடற்கரைத் தமிழில் வேர்விட்டு, பின் தமிழ்க் கிறிஸ்தவம் முழுமைக்கும் பொதுச்சொல்லானது.

சவேரியார் 1545இல் இக்கரையை விட்டுக் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்ற சிக்கலை முறையாகக் கையிலெடுத்தவர் அன்றிக்கே அடிகள் எனப்படும் என்றிக்கே என்றிக்கஸ். போர்த்துகலின் வில விசோசாவில் 1520இல் பிறந்து, 1546இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறையை அடைந்தவர். துபாஷியை நம்பிப் பேசுவதில் உள்ள இடர்களை உணர்ந்து, தாமே தமிழ் கற்றுப் பேசவும் எழுதவும் தலைப்பட்டார். 1549 அளவில் அவர் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம், ஐரோப்பியர் ஒருவர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தமிழ் இலக்கணம். அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982இல் ஹான்ஸ் ஃபெர்மேர் அதைப் பதிப்பித்தார். ஜீன் ஹைன், வி.எஸ். ராஜம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு கீழ்த்திசை வரிசையில் வெளிவந்தது.

இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் தமிழை அடக்க முயன்ற நூல் அது. பெயர்களின் வேற்றுமைகளையும் வினைகளின் காலம், இடம், எண் மாற்றங்களையும் விரித்துரைக்கிறது. நன்னூலாரின் வழியில் வந்தவர்களுக்கு அது கரடுமுரடாகத் தோன்றக்கூடும். எனினும் பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரை மக்களின் வாய்மொழி அதில் பதிவாகியிருப்பது தமிழுக்குக் கிடைத்த பேறு. நம் இலக்கண நூல்கள் செய்யுள் வழக்கையே முதன்மையாகப் பேணியவை. கரையில் வலை இழுப்பவனின் வினைமுற்றைப் பிழையின்றி அறிய வேண்டிய கட்டாயம், ஞானஸ்நானம் கொடுக்க வந்த ஓர் அயலாருக்குத்தான் இருந்தது.

இதற்கிடையில் 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது. தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்துகளில் தந்து, அவற்றோடு போர்த்துகீசியப் பொருளையும் சேர்த்த நூல். விசேந்தே த நசரே, ஜோர்ஜே கர்வாலோ, தொமே த குரூஸ் என்ற மூன்று இந்தியர்கள் அதனை ஆக்கினர். பிறகு 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில், தமிழ் எழுத்துகளிலேயே ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். மறு ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெருநூல். என்றிக்கஸ் முன்னின்று நடத்திய இம்முயற்சிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருளுதவி செய்தனர். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் தமிழில் அமைந்ததென நாம் பெருமை பேசும்போது, அதன் பின்னே கடலடியில் மூச்சடக்கியவர்களின் பணம் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. என்றிக்கஸ் 1600இல் இக்கரையிலேயே காலமானார்.

பரதவரின் வாழ்வில் போர்த்துகீசியம் ஆழமாகப் பதிந்தது. குருசு, பாதிரி, சாவி, மேசை, அலமாரி, சன்னல் என்று அம்மொழி தமிழுக்குத் தந்துபோனவற்றைப் பட்டியலிட்டால், அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. வினைகளை நாம் வாங்கிக்கொள்ளவில்லை. இன்று ஆங்கிலத்தோடும் அப்படித்தான்: ‘பிலீவ் பண்ணு’ என்கிறோம். அயல் வினையையும் முதலில் பெயராக்கி, நம் ‘பண்ணு’ என்ற வினையின் கையில் ஒப்படைத்த பிறகே வீட்டுக்குள் அனுமதிக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் இக்கரைக்கு வந்தபோது இதே சிக்கல் எதிர்த்திசையிலும் தொடங்கியது. தூத்துக்குடியை அடுத்த சாயர்புரத்தில் 1842 முதல் பணியாற்றிய ஜி.யு. போப், ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்குக் கையேடு எழுதினார். இடையன்குடியிலிருந்து கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர்களிடம் படித்த தமிழ் மாணவர்களோ ‘பிலீவ்’, ‘வாண்ட்’ முதலிய ஆங்கில வினைகளோடு மல்லுக்கட்டினர். ‘வாண்ட்’ என்பதும் நம் ‘வேண்டும்’ போன்றதே. வடக்கு ஐரோப்பிய மொழியொன்றிலிருந்து வந்த அச்சொல்லின் பழம்பொருள் ‘இல்லாதிருத்தல்’, குறைவுபடுதல். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் அது அப்பொருளில்தான் வழங்குகிறது. இல்லாமை தேவையாகி, தேவை விருப்பமாகி, அச்சொல் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது பிற்காலத்தில்.

இங்கே சொற்பிறப்பியல் நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. ‘பிலீவ்’ என்ற சொல்லின் வேரை ஆராய்ந்தவர்கள் அதனை ‘லவ்’ என்ற சொல்லின் உறவாகவே காட்டுகின்றனர். அன்புகொள், விரும்பு என்பதே அவ்வேரின் பொருள். இலத்தீனின் ‘கிரேதோ’ நம் சிரத்தைக்கு உடன்பிறப்பு. இதயத்தை ஓரிடத்தில் வைத்தல் என்பது இரண்டுக்கும் பொதுவான மூலப்பொருள். தமிழில் என்ன நிலை? தொல்காப்பிய உரியியலைத் திறந்தால், ‘நம்பு’ என்ற உரிச்சொல்லுக்கு அங்கே தரப்பட்டிருக்கும் பொருள் நசை. அதாவது விருப்பம். நம் முன்னோர் நம்பினார்கள் என்றால் விரும்பினார்கள் என்றே பொருள். மெய்யென்று ஏற்றல் என்ற பொருள் அதன்மீது பின்னர் படிந்தது.

சவேரியார் நீக்கிய பொருள், அவ்வினைகளின் அடித்தளத்தில் ஏற்கெனவே கிடந்ததுதான். இதனால் அவர் திருத்தியது தவறென்று ஆகாது. அவர் காலத் தமிழில், அக்கரையில், ‘வேணும்’ என்பதைக் கேட்டவர் எவரும் அதனை விசுவாசமாகப் பொருள்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு சொல்லின் வேர் வேறு, அதன் இன்றைய வழக்கு வேறு. மொழிபெயர்ப்பவர் வழக்குக்கே கட்டுப்பட்டவர். ஆனால் அந்த முதல் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிய நம் மதிப்பீட்டை இது மாற்றக்கூடும். பெயர் பதிவாகாத அம்மனிதர்கள் ஒரு சந்தைச் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுக்கவில்லை. தம் மக்களின் நிலைமையையும் அச்சொல்லில் வைத்துக் கொடுத்தனர். 1536இல் அம்மக்கள் கொச்சிக்குச் சென்றது ஒரு கோட்பாட்டை மெய்யென்று ஏற்பதற்காக அன்று. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது, கடல் வேண்டியிருந்தது, பிழைப்பு வேண்டியிருந்தது. எட்டாண்டுகள் கழித்து, மணியோசை கேட்டுக் கூடி, மார்பில் கைகட்டி, ‘எனக்கு வேண்டும்’ என்று சொன்னபோது அவர்கள் பொய் சொல்லவில்லை. விசுவாசம் என்ற சொல்லுக்கு அவர்கள் தகுதி பெற்றது அதன் பிறகு, ஒல்லாந்தர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கிய காலத்திலும் தம் சமயத்தைக் கைவிடாமல் நின்றபோது.

அண்மைக் காலக் கத்தோலிக்கத் தமிழ் வழிபாட்டு நூல்களில் ‘விசுவசிக்கிறேன்’ என்பது பல இடங்களில் ‘நம்புகிறேன்’ என்று மாறியிருக்கிறது. தனித்தமிழ் நாட்டத்தால் நேர்ந்த மாற்றம் அது. ஆயினும் நசை என்னும் பொருளைத் தன் முதுமையில் சுமந்துகொண்டிருக்கும் சொல் பிரமாணத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டது. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட ‘வேண்டும்’ என்ற வினையும் கரையை விட்டுப் போய்விடவில்லை. 1713இல் எழுப்பப்பட்ட தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில், ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் நிகழும் பெருவிழாவுக்கு வருபவர்களைக் கேட்டால், தாம் வந்ததற்கான காரணத்தை ஒரே சொல்லில் சொல்வார்கள்: வேண்டுதல்.